'ஸ்கில்': ஒரு சொல் ஆளைப் பிரிக்கும் விதம்

'ஸ்கில்' என்ற ஆங்கிலச் சொல்லைத் 'திறன்' என்று தமிழாக்கிவிட்டு நாம் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் சொல் ஒன்றும் அப்பாவி இல்லை. பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது குறித்தது பிரித்தறிதலை. கைத்தேர்ச்சி என்ற பொருள் பிறகு ஏறியது. இன்றைய ஐஸ்லாந்து மொழியிலும் 'ஸ்கில்யா' என்றால் பிரிப்பது, புரிந்துகொள்வது ரெண்டும்தான். நம் 'திறம்' என்பதற்கும் வகை, கூறுபாடு என்ற பொருள்கள் உண்டு. தற்செயலாக இருக்கலாம், யோசிக்க வைக்கிறது.

இந்த மூலப்பொருளை வைத்துக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களைப் பாருங்கள். வரப்பு வளையின் வாய் வழவழப்பாயிருக்கிறதா, தடம் நேற்றையதா இன்றையதா, உள்ளே இருப்பது எலியா சாரையா விரியனா என்று பிரித்துச் சொல்பவர்கள். பாம்புத்தோல் ஏற்றுமதி 1976இல் தடைசெய்யப்பட்டுப் பிழைப்புப் போனபின், 1978இல் மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் உயிரோடு பிடித்து, வாரம் ஒருமுறை விஷமெடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுவது அதன் முறை. இந்தியாவின் பாம்புக்கடி மருந்து பெரும்பாலும் இந்த விஷத்தை நம்பியே தயாரானது.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? 'ரத்தத்தில் ஊறியது'. வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் மலைப்பாம்பு பிடிக்கப் புளோரிடா போனபோதும், 2023இல் பத்மஸ்ரீ பெற்றபோதும் இதே புகழ்ச்சிதான் காதில் விழுந்தது. ரத்தத்தில் ஊறினதுக்குப் பயிற்சி வேண்டாம், படித்த காலக்கணக்கு வேண்டாம், ஆகவே கூலியும் கொஞ்சம் போதும். இதுதான் இந்தப் புகழ்ச்சியின் அரசியல். டாக்டர் மகன் டாக்டரானால் தகுதி. இருளர் மகள் பாம்பு பிடித்தால் இயற்கை!

மறுபக்கம் அரசாங்கக் காகிதம். 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் தான் தரும் வேலையைத் திறன் தேவைப்படாத உடலுழைப்பு என்றே எழுதியது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர்கள் உண்டு. அங்கே அவர்கள் வெறும் கை. பாம்பையும் மண்ணையும் பிரித்தறிந்தவர்களை, பிரித்தறிதல் என்று பொருள்பட்ட அதே சொல் கீழ்ப்படியில் பிரித்து வைத்துவிட்டது.

குறைந்தபட்சம் நம் பத்திரிகைகளிலும் சங்கத் துண்டறிக்கைகளிலும் 'திறனற்ற தொழிலாளி' என்று எழுதுவதை நிறுத்துவோம். 'திறனுக்குக் கூலி தரப்படாத தொழிலாளி' என்று எழுதலாம். வாக்கியம் நீளும். நீளட்டுமே.