கருப்பொருளும் நிலத் திரிபும்

அகத்திணைச் செய்யுட்கு முதல், கரு, உரி என மூன்று பொருள் வகுத்த தொல்காப்பியர், நிலம் பொழுது என்னும் இரண்டன் இயல்பையே முதற்பொருள் என்றார். கருப்பொருள் பற்றி இக்காலத்து இருவேறு கருத்துகள் வழங்குகின்றன. காதல் நிகழ்ச்சிக்கு அமைத்த அழகிய பின்னணியே அஃது என்பர் ஒரு சாரார். மாந்தர் கை படாத இயற்கையைப் பண்டையோர் நிலந்தோறும் எண்ணிவைத்த பட்டியலே அஃது என்பர் மற்றொரு சாரார். இவர் சங்கச் செய்யுளில் வரும் விலங்கையும் பறவையையும் திணைவாரியாகத் தொகுத்து, அவை அவ்வந் நிலத்தில் வாழ்ந்தமைக்குச் சான்றாகக் காட்டுவர். இவ்விரு கருத்தும் ஆராயற்பாலன.

தொல்காப்பியர் கூறும் கருப்பொருளுள் மா, மரம், புள் மட்டுமின்றி உணவும் தொழிலும் பறையும் யாழும் உள. எனவே, மாந்தர் வினை கருப்பொருட்குப் புறம்பன்று. குறிஞ்சிச் செய்யுளின் தினைப்புனத்தை நோக்குவோம். குறவர் மலைச்சரிவின் காட்டை அழித்துத் தினை விதைக்கின்றனர். தினை முற்றவே கிளிகள் வருகின்றன. கிளி ஓப்பத் தலைவி தட்டையும் குளிரும் கொண்டு பரண் ஏறுகின்றாள். ஆண்டே தலைவன் அவளைக் காண்கின்றான். தினை கொய்தபின் கிளிக்கு இரையில்லை, காவலுக்கு வேலையில்லை, பகற்குறியும் இல்லையாகின்றது. இக்கோவையில் ஒன்று நீங்கின் ஏனையவும் நீங்கும். பின்னணி எனின் நீங்கியபோது உரிப்பொருள் இடர்ப்படாது. கை படாத இயற்கை எனின் புனமே இராது. பட்டினப்பாலையோ, காட்டை அழித்து நாடாக்கியதையும் குளம் தோண்டியதையும் கரிகாலன் புகழாகவே பாடுகின்றது. இதனை மறைத்துச் சங்கச் சான்றோரைக் காடு காத்தோர் என்று மட்டும் போற்றுதல் நேர்மையான திறனாய்வு ஆகாது.

இனிப் பட்டியல் கொள்கையை மறுக்கும் சான்று அகத்திணையியலிலேயே உளது. ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தாமல் பிறிதொரு நிலத்தில் வரினும், வந்த நிலத்துக்கே பயன்படும் என்பது ஆண்டுள்ள நூற்பா ஒன்றன் கருத்து. இவ்விதி இருக்க, குறிஞ்சிப் பாட்டொன்றில் ஒரு பறவை வந்தமை கொண்டே அது மலையில் வாழ்ந்தது எனத் துணிதல் எங்ஙனம்? செய்யுள் சான்று பகர்வது உயிர்களின் இருப்பிடத்துக்கு அன்று. அவற்றின் தொடர்புக்கே ஆம்.

இந்நூற்பா ஒன்றை முன்கொள்கின்றது: வந்த உயிர் மாறும், நிலம் மாறாது. ஆயினும் நிலமும் திரியும் என்பதை மரபு அறியாததன்று. வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை வடிவம் கொள்ளும் என இளங்கோவடிகள் கூறுகின்றார். அவர் காட்டும் திரிபு ஞாயிற்றின் வெம்மையால் நேர்வது. வந்த உயிரே நிலத்தைத் திரித்தால் யாது கூறுவது?

பழனி மலையின் மேற்பகுதி இவ்வினாவிற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆண்டுப் பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்தன. குளிர்கால நள்ளிரவின் உறைபனி, புல்வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகளை வளரவிடாது தடுக்கும். அதனால் இரண்டும் தத்தம் எல்லையில் நின்றன என 2020இல் வெளிவந்த ஆய்வொன்று விளக்குகின்றது. தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரைத்து முன்பனியையும் உரித்தாக்கியமை ஈண்டு நினையத்தக்கது. உறைபனியின் செயலை அவர் அறிந்தார் என்று யாம் கூறவில்லை. பொழுதை நிலத்தோடு ஒப்ப முதலாக வைத்த முறையின் திட்பத்தையே சுட்டுகின்றோம். பன்னீராண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2006லும் 2018லும் பூத்தது. அதற்குரிய இடமும் இப்புல்வெளியே. சங்கச் செய்யுளின் வருடை எனக் கருதப்படும் வரையாடு மேய்வதும் இதுவே.

ஆங்கிலேயர் காலந்தொட்டு மேல்மலைகளில் ஆஸ்திரேலியச் சீகையும் யூகலிப்டசும் பைனும் நடப்பட்டன. சீகைக் கன்று சோலைக் கன்றினும் உறைபனியைத் தாங்கவல்லது. நட்ட எல்லையைக் கடந்தும் பரவியது. 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கு மரத்தோட்டங்களாலும் உழவாலும் மறைந்தது என 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. புவி வெப்பமுற்று உறைபனி குறையுமாயின் மரங்கள் மேலும் பரவ வழி ஏற்படும். ஈண்டு வந்த மரம் நிலத்தின் பயத்ததாகவில்லை. நிலமே வந்த மரத்தின் பயத்ததாயிற்று.

செய்யுள் விதியை நிலநூல் விதியாகக் கொள்வது முறையோ எனின், யாம் அவ்வாறு கொண்டிலேம். நூற்பா செய்யுட்கு இன்றும் பொருந்தும். ஆனால் குறிஞ்சிக்கு உரை காண்போர், இன்று மலைமேல் கண்ட பைன் காட்டையே கபிலர் கண்ட மலையாகக் கருதிவிடின் உரை பிழைபடும். பட்டியலில் ஒரு பெயர் குறைவது சிறு இழப்பு. தொடர்பு அறின் செய்யுளின் பொருளே இருண்டுவிடும். ஆகலின், கருப்பொருளை ஆராயப் புகும் மாணவர் பெயர்களை எண்ணுவதோடு அமையாது, எது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதைப் பாட்டுதோறும் வரைந்து காணல் வேண்டும். அவ்வாய்வு இன்னும் விரிவாகச் செய்யற்பாலது.