கழியும் கலமும் புள்ளும்

நெய்தல் என்றவுடன் திரைமோதும் கடலும் பெருமணலும் இரங்கலும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின் நெய்தற் காட்சிகளில் வரும் நீர் ஒரு தன்மைத்து அன்று. கடல் வேறு, ஆறு கடலொடு கலக்கும் புகார் வேறு, மணல்மேட்டின் உட்புறத்தே அடங்கிக் கிடக்கும் கழி வேறு. இவ்வேறுபாட்டைச் சங்கப் புலவர் கலம் நிற்கும் நிலையைக் கொண்டே காட்டியுள்ளனர் என்பதும், அதனை நோக்காவிடின் பாட்டின் பொருள் குறைபடும் என்பதும் யாம் ஈண்டு நிறுவக் கருதுவன.

கழியின் இயல்பை இன்றும் கண்ணாற் காணலாம். பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்ட தடுப்பாக நிற்கின்றது. அலைகள் அதன் புறத்தே தங்கிவிட, முகத்துவாரத்தின் வழியே ஓதநீர் உட்புகும். அலையின்மையாற் சேறு படியும். சேற்றை அடுத்துச் சிறுமீனும் இறாலும் பெருகும். அவற்றை நாடி நாரையும் கூழைக்கடாவும் உள்ளானும் வந்து கூடும். படகு நிறுத்துவார்க்கு வேண்டுவதும் அவ்வலையின்மையே. எனவே, கலமும் புள்ளும் ஓரிடத்தே கூடுதற்குக் காரணம் ஒன்றே என்பது தெளிவு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் 301 அடிகளில் யாத்த பட்டினப்பாலையில், கலம் கட்டுண்டு நிற்கும் காட்சி இருமுறை உவமையொடு வருகின்றது. முன்னையது, உப்பை விற்று நெல்லொடு மீண்ட பஃறிகள் கழி சூழ்ந்த இடத்தே கட்டப்பட்டிருக்கும் காட்சி. அவற்றிற்குப் பந்தியில் நிற்கும் குதிரைகள் உவமை. பின்னையது, புகார்த் துறையில் நெருங்கி நிற்கும் நாவாய்களின் பாய்மரத்து உச்சியிற் கொடிகள் விளங்கும் காட்சி. அந்நாவாய்களுக்குக் கட்டுத்தறியை அசைத்துத் தளர்த்தும் களிறுகள் உவமை. மேற்போக்காகக் கற்பார், கலங்கள் விலங்குகளைப் போலக் கட்டப்பட்டன என்று இரண்டையும் ஒன்றாக்கி அமைவர்.

பஃறி சிறிது, நாவாய் பெரிது. அதனாலன்றோ குதிரையும் களிறும் உவமையாயின? பந்திக் குதிரைக்கும் பஃறிக்கும் பொதுமை வரிசையாக நிற்றலன்றோ? எனின், அவற்றை யாம் மறுக்கவில்லை. ஆயின் புலவர் களிற்றுக்குத் தொழில் தந்தார்; குதிரைக்கு நிலை மட்டுமே தந்தார். நாவாயைத் ‘தூங்கு’ என்னும் அடையாற் சிறப்பித்தார். ஈண்டுத் தூங்குதல் உறங்குதலன்று, அசைதலாம். அசைவைக் குறிக்கும் அடை பஃறிக்கு இல்லை. புகாரின் நீர் கலத்தை அலைக்கும். கழியின் நீர் அதனை உறங்க விடும். இரண்டு உவமைகளும் கலத்தின் வடிவை மட்டுமன்றி, அதனைத் தாங்கிய நீரின் இயல்பையும் உணர்த்துகின்றன.

இதற்கு மதுரைக்காஞ்சி துணை நிற்கின்றது. மாங்குடி மருதனார் இவ்வுவமையைத் திருப்பி அமைக்கின்றார். கட்டுத்தறியை விட்டுத் திரியும் மதயானைக்கு, கடுங்காற்றாற் கயிறு அறுந்து பாய்மரம் சிதைந்து சுழியில் அகப்பட்ட நாவாய் அங்கு உவமையாகின்றது. யானைக்கும் நாவாய்க்கும் உள்ள ஒப்புமையின் உயிர் பருமை அன்று, கட்டினை எதிர்க்கும் ஆற்றலே என்பது இதனாற் பெறப்படும். புகாரிற் கட்டு தளர்கின்றது, கடலில் அறுகின்றது, கழியில் நிலைக்கின்றது.

கழியின் அமைதி அகப்பாட்டில் எவ்வாறு பயன்படுகின்றது என்பதை ஐங்குறுநூற்று 168ஆம் பாட்டால் அறியலாம். அம்மூவனார் பாடிய சிறுவெண்காக்கைப் பத்தில் அமைந்தது அது. பிறர் மணம்பேச வந்தமையால் உண்ணாது வருந்தும் தலைவியின் நிலையைத் தோழி செவிலிக்கு உணர்த்தி அறத்தொடு நிற்கின்றாள். துறைவன் அருளின் இவள் பாலுண்பாள் என்கின்றாள். அத்துறைவனது துறையில், சிறுவெண்காக்கை அம்பியின் அகமணையில் முட்டையிடுகின்றது. அப்பத்தின் பிற பாட்டுகள் பலவற்றில் இப்புள் கழியில் இரைதேர்கின்றது. ஆதலின் கழி சார்ந்த துறையே ஈண்டும் கொள்ளத்தகும். புள் நம்பி முட்டையிடும் அளவிற்கு அம்பி அசைவற்றுக் கிடக்கின்றது.

புள் ஈனுதல் மனையறத்தின் வளத்தைக் குறிக்கும் என்று மட்டும் கொள்வார் உளராகலாம். அப்பொருள் தவறன்று, ஆயின் இதே பத்தின் முதற்பாட்டிற் புன்னையிலே தங்கிய புள்ளுக்கு, ஈண்டு அம்பியைப் புலவர் தேர்ந்தமைக்கு அது காரணம் காட்டாது. புன்னை பெயராது, அம்பியோ ஒருநாள் நீரிற் செலுத்தப்படுவது. பெயரத்தக்கதனை இல்லமெனக் கொண்ட புள், களவில் ஒழுகும் தலைவனை நம்பிய தலைவிக்கு உள்ளுறையாகும் என்பது எம் கருத்து. இன்று நீர் அமைதியாக உள்ளது. நாளை அம்பி பெயரின் முட்டை என்னாகும்? வரைவு விரைந்து நிகழவேண்டும் என்பதைத் தோழி வெளிப்படக் கூறவில்லை. துறையின் காட்சி கூறுகின்றது.

பத்துப்பாட்டை 1889இலும் ஐங்குறுநூற்றை 1903இலும் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வழங்கினார். அதன்பின் சொல்லும் பொருளும் பற்றிய ஆய்வு பெருகியுள்ளது. நீரின் இயல்பை அறியும் ஆய்வும் அதனொடு சேர்தல் வேண்டும். நெய்தலைக் கற்கும் மாணவர் ஒருமுறையேனும் கழிக்கரையில் நின்று, கட்டிய படகையும் அதன்மேல் வந்தமரும் புள்ளையும் நோக்குவாராக. ‘கழி’ என்னும் சொல்லைக் கடலின் மறுபெயராகப் பின்னர்ப் படிக்கமாட்டார்.