கல்விசார் ஆங்கிலச் சொற்களும் வரையறைவழிக் கற்றலும் : ஒரு மதிப்பீடு

முன்னுரை

தாய்மொழிவழிப் பள்ளிக்கல்வி முடித்து ஆங்கிலவழி உயர்கல்விக்குச் செல்லும் மாணவர்க்கு இடர் தருவன கலைச்சொற்கள் மட்டும் அல்ல. 'ஐசோடோப்' போன்ற கலைச்சொல்லைப் பாடநூலே விளக்கிவிடும். 'அஸ்யூம்', 'டெரைவ்', 'சிக்னிஃபிகன்ட்' முதலிய பொதுச்சொற்களையோ அறிந்தவையாகவே கொண்டு பாடநூல் மேற்செல்லும். பல துறைகளுக்கும் பொதுவான இத்தகைய சொற்களை அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்களாகத் தொகுத்தார். அவர் ஆராய்ந்த ஏறத்தாழ 35 இலட்சம் சொற்கள் கொண்ட பனுவல் தொகுதியில் இவை பத்தில் ஒரு பங்காக அமைந்தன. இச்சொற்களை வரையறை வாயிலாகக் கற்பிக்கும் முறை எவ்வளவு பயன் தரும் என்பது ஈண்டு மதிப்பிடப்படுகிறது.

வரையறைக்குரிய சொற்கள்

கற்போர்க்கான வரையறையை முறைப்படுத்தியவருள் முதன்மையானவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் பணியாற்றிய அவர், எண்டிகாட்டுடன் இணைந்து 1935இல் வெளியிட்ட அகராதியில் ஏறத்தாழ 24,000 உருப்படிகளை 1,490 சொற்களுக்குள் விளக்கினார். 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டு இம்முறையைத் தொடர்ந்தது. 1987இல் வந்த கோபில்ட் அகராதி சொல்லை முழுத்தொடரில் வைத்து விளக்கியது. வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச்சொற்பட்டியலில் இடம்பெறாத சொற்களிலிருந்தே காக்ஸ்ஹெட்டின் தொகுப்பும் உருவாயிற்று. ஆகவே வரையறைமுறை, மாணவர் முதல் 2,000 சொற்களை முன்னரே அறிந்திருப்பர் என்னும் எடுகோளின்மீது நிற்கிறது. அவற்றை அறியாத மாணவர்க்கு வரையறையும் மற்றொரு புதிராகவே அமையும்.

தொல்காப்பியர் நோக்கு

இச்சிக்கலைத் தமிழ் இலக்கண மரபு முன்னரே உணர்ந்துள்ளது. வழக்கில் அருகிய சொற்களை, வழங்கும் சொற்களோடு சார்த்திப் பொருளுரைக்க வேண்டும் என்று உரியியல் விதிக்கிறது. பொருள் கூறும் சொல்லுக்கு மீண்டும் பொருள் வினவின் அதற்கு எல்லை இராது என்றும், உணர்தல் உணர்வோரின் ஆற்றலைப் பொறுத்தது என்றும் அவ்வியலே தெளிவுறுத்துகிறது. வெஸ்ட் செய்தது முதற்கருத்தின் நடைமுறையே எனலாம். பின்னிரு கருத்துகளே இன்று மறக்கப்படுகின்றன. 'அசெஸ்' என்பதற்கு 'எவால்யுவேட்' என்றும், 'எவால்யுவேட்' என்பதற்கு 'அசெஸ்' என்றும் பொருள் தரும் சொற்பட்டியல், கற்பவரைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டு நிறுத்துகிறது. வரையறுத்தலைக் குறிக்கும் 'டிஃபைன்' என்னும் சொல்லும் காக்ஸ்ஹெட் பட்டியலில் உள்ளமை நோக்கத்தக்கது.

பெங்களூருத் திட்டம் தரும் படிப்பினை

தென்மாநில ஆசிரியர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி அளிக்க 1963இல் நிறுவப்பட்ட மண்டல ஆங்கில நிறுவனம் பெங்களூரில் உள்ளது. அந்நகரின் பெயரால் அறியப்படும் திட்டத்தை 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு முன்னின்று நடத்தினார். பெங்களூரு, சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் அது செயற்பட்டது. இலக்கணக் கூறுகளோ சொற்பட்டியலோ முன்கூட்டி வகுக்கப்படவில்லை. புகைவண்டிக் கால அட்டவணை, நிலப்படம் முதலியவற்றைக் கொண்டு சிக்கல் தீர்க்கும் பணிகளே தரப்பட்டன. கவனம் பொருளின்மீது குவியும்போது மொழி தானே படியும் என்பது பிரபுவின் கொள்கை.

பெரெட்டா, டேவிஸ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட மதிப்பீட்டில், ஒவ்வொரு சாராரும் தாம் பயின்ற முறையையொட்டிய தேர்வில் மேம்பட்டிருந்தனர். அத்திட்டம் பள்ளிச்சிறார்க்குரியது, கல்விசார் சொற்களை நோக்கியதன்று. எனினும் ஓர் எச்சரிக்கையை அதிலிருந்து பெறலாம். வரையறையால் பயின்றோரை வரையறைத் தேர்வால் மட்டும் அளந்தால், அச்சொல்லை அவர் எழுத்தில் ஆள்வரா என்பது வெளிப்படாது.

கைவிடப்பட்ட தமிழ்வளம்

வரையறைமுறையின் பெருங்குறை, மாணவர் தாய்மொழியில் ஏற்கெனவே பெற்றுள்ள கருத்தைப் புறக்கணிப்பதாகும். தமிழ்வழிக் கணிதம் பயின்றவர் 'எனக் கொள்க', 'என்க' என்னும் தொடர்களைப் பல்லாண்டுகள் கையாண்டவர். 'அஸ்யூம்' குறிக்கும் சிந்தனைச் செயல் அவர்க்குப் புதிதன்று, சொல்லே புதிது. 'சமன்பாட்டைத் தருவி' என்று விடையெழுதியவர்க்கு 'டெரைவ்' என்பதும் அவ்வாறே. இவ்விணைப்பை எவரும் சுட்டாமையால், அறிந்ததை அறியாதவராக அவர் வகுப்பில் அமர நேர்கிறது.

ஆயினும் நேர்ச்சொல் தந்தவுடன் பணி முடிவதில்லை. 'சிக்னிஃபிகன்ட்' பொதுவழக்கில் 'முக்கியமான' எனப் பொருள்படும். அதன் பெயர்வடிவம் வரும் புள்ளியியல் தொடரோ 'மிகைகாண் சோதனை' எனப் பெயர்க்கப்படுகிறது. 'அசம்ப்ஷன்' எடுகோள் எனவும் அனுமானம் எனவும் பெயர்க்கப்படுவதுண்டு. தருக்கநூலில் அனுமானம் என்பது 'இன்ஃபரன்ஸ்' என்னும் வேறொரு கருத்துக்குரியது. மொழிபெயர்ப்பாளரின் இத்தகைய தளர்வு மாணவர் மயக்கமாக முடிகிறது.

முடிவுரை

வரையறை தேவையற்றது என்பது இம்மதிப்பீட்டின் முடிவன்று. அது கற்றலின் தொடக்கமேயன்றி நிறைவாகாது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி தமிழ்விளக்கம், ஆங்கிலப் பொருள், எடுத்துக்காட்டு ஆகிய மூன்றையும் ஒருங்கே தந்தது. அம்முறையைத் திசைமாற்றி, கல்விசார் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் எளிய வரையறை, தமிழ்ப் பாடநூல் வழக்கு, இருவேறு துறைகளின் தொடர்கள் ஆகியவற்றைத் தரும் கையகராதி உருவாதல் வேண்டும். 570 சொற்குடும்பங்கள் என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கூடி முடிக்கத்தக்க அளவே. அது நிறைவேறின், தமிழ்வழிக் கல்வி ஆங்கிலத்துக்குத் தடை என்னும் கருத்தும் மறுபரிசீலனைக்கு உள்ளாகும்.