கொடுமணல் மணிகள்

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். காடும் மேட்டாங்காடுமான சின்ன ஊர். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் பேர் சொல்லும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் துணிபு. 1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வும், அதன்பின் நடந்தவையும் இரும்பு உலை, ஈமக்காடு, தமிழி எழுத்துள்ள பானையோடுகள் என அள்ளிக் கொடுத்தன.

அங்கே கிடைத்தவற்றில் எனக்குப் பிடித்தவை மணிகள். பச்சைக்கல்லுக்குப் பக்கத்துப் படியூர் இருந்தது. சூதுபவளத்துக்கான கல் வடக்கே வெகுதொலைவிலிருந்து வந்தது. கல்லைச் சில்லு சில்லாகச் செதுக்கி, தேய்த்து, மெருகேற்றி, நூல் நுழையத் துளை போட வேண்டும். எஃகுக்கே அசையாத கல்லில் நேர்க்கோடாகத் துளை இறக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. கை சற்றுப் பிசகினால் மணி இரண்டாகப் பிளந்துவிடும்.

அருமையாக அமைந்தவை விலைபோய்விட்டன. செதுக்கியதோடு நின்றவை, துளை போடாதவை, உடைந்தவை ஊரிலேயே தங்கின. தொழில் நடந்த விதத்தை நமக்குப் படிப்படியாகச் சொல்லிக் கொடுப்பவை இந்தக் கழிவுகள்தான். நகைக்கடைக் கண்ணாடிக்குள் மின்னும் எந்தக் கல்லும் இவ்வளவு பேசாது.