துடி

திருத்தணிக்குப் பக்கத்துத் திருவாலங்காட்டில் நடராசர் ஆடும் இடம் இரத்தின சபை. ஐம்பெரும் சபைகளில் ஒன்று. அங்கே நடக்கும் ஆட்டத்துக்குக் காரைக்கால் அம்மையார் தம் மூத்த திருப்பதிகத்தில் வாத்தியங்களை அடுக்கிக்கொண்டே போகிறார்: துந்துபி, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை. படிக்கும்போதே காது அதிரும்.

தமருகத்தின் நெருங்கிய உறவு துடி. இடை சிறுத்த சிறு பறை, உடுக்கை இனம். நடுவிலுள்ள கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். புறநானூற்றில் துடியன் என்றே ஒரு குடி உண்டு. மெல்லிய இடையைத் துடியிடை என்றதும் இந்தப் பறையை வைத்துத்தான். நெஞ்சு துடிப்பதும், கண் துடிப்பதும், கரையில் விழுந்த மீன் துடிப்பதும் அதே எழுத்துகளில். தோற்கருவியும் உடம்பும் ஒரே சொல்லில் அதிர்வது எத்தனை அழகு!

வலிக்கும் பயத்துக்கும் தனித்தனிக் கணக்கு. பழுத்த கட்டி விண்விண்ணென்று தெறிக்கும். பயந்த நெஞ்சு படபடக்கும். தேர்வு முடிவுக்குக் காத்திருந்தால் திக்திக். இவற்றை இடம் மாற்றிச் சொன்னால் எந்தப் பாட்டியும் ஒப்பமாட்டாள்.

ஆங்கிலத்தில் கட்டிக்கும் தலைவலிக்கும் 'த்ராப்' போதும். 'பல்ஸ்' லத்தீனிலிருந்து வந்தது. மூலத்தில் அடித்தல், தட்டுதல் என்று பொருள். போலந்துக்காரர்களுக்கு நாடித்துடிப்பு 'தெந்த்னோ'. பாய்ந்தோடும் குதிரையின் குளம்பொலி 'தெந்தென்ட்'. அங்கேயும் காதுதான் முதலில் கேட்டிருக்கிறது.

நம் சித்த மருத்துவரோ நாடித்துடிப்பை விரலால் கேட்பவர்; மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பார். வாத நாடி கோழி, மயில் போல நடக்கும்; பித்தம் ஆமை, அட்டை போல; ஐயம் (கபம்) தவளை, பாம்பு போல. ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை பார்ப்பது வழக்கம்.