ஆங்கிலத்தில் குரலின் சுருதி: திருவாலங்காட்டுப் பதிகமும் கூத்துக்குரலும்

முன்னுரை

தமிழ் இலக்கியத்தையும் நிகழ்த்துகலைகளையும் குறித்து ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வுகளில் பாடலின் பொருள், அணி, சமயக் கருத்து ஆகியன நுணுகி ஆராயப்படுகின்றன. பாடும் குரலோ பெரும்பாலும் ‘ஹை’, ‘லோ’, ‘டீப்’, ‘ஷ்ரில்’ என்னும் அடைமொழிகளுள் ஒன்றோடு நின்றுவிடுகிறது. இவ்வடைமொழிகள் குரலை விவரிப்பதுபோல் தோன்றினும், அவற்றுட் சில அதனை மதிப்பிட்டும் விடுகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தோடு தொடர்புடைய இரு சான்றுகளைக் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

உயரம் என்னும் உருவகம்

சுருதி என்பது குரல்நாண்கள் ஒரு நொடியில் அதிரும் எண்ணிக்கையைச் செவி உணரும் முறை. இயல்பான பேச்சில் வளர்ந்த ஆணுக்கு அது ஏறத்தாழ 120 அதிர்வுகள். பெண்ணுக்கு ஏறத்தாழ 200. இவற்றுள் ஒன்று மேலும் மற்றொன்று கீழும் இருப்பதாகக் கொள்வது ஆங்கிலம் வழங்கும் உருவகமே. பண்டைக் கிரேக்கம் இவ்வேறுபாட்டைக் ‘கூர்மை’, ‘கனம்’ என்றது. பாரசீகம் ‘மெலிந்தது’, ‘தடித்தது’ என்கிறது.

தமிழ் மரபில் இருவகைச் சொற்கள் உள்ளன. நன்னூல் எழுத்தொலியின் நுண்வேறுபாட்டிற்குக் காரணமாகக் கூறும் எடுத்தல், படுத்தல், நலிதல் என்பன தொழிற்பெயர்கள். அவற்றுள் மேல், கீழ் என்னும் குறிப்பு உண்டெனினும், அவை ஒலி இருக்கும் இடத்தைவிட ஒலிப்பவரின் செயலையே முதன்மையாகச் சுட்டுகின்றன. இசைமரபு வழங்கும் வலிவு, சமன், மெலிவு என்பனவோ ஆற்றல் சார்ந்த சொற்கள். மெலிவு என்பது மந்தரத் தானத்தைக் குறிக்கும் கலைச்சொல். அதனை ‘சாஃப்ட்’ என்று பெயர்த்தால் சுருதி மறைந்து ஒலியளவு புகுந்துவிடும். ‘டீப்’ என்று பெயர்த்தால் ஆங்கில வழக்கில் அச்சொல்லோடு ஒட்டியுள்ள கம்பீரம் உடன் வந்துவிடும்.

திருவாலங்காட்டுப் பதிகம்

இரத்தின சபை எனப் போற்றப்படும் திருவாலங்காட்டைக் காரைக்கால் அம்மையார் இரு மூத்த திருப்பதிகங்களில் பாடியுள்ளார். இவை பதினோராந் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. ‘கொங்கை திரங்கி’ எனத் தொடங்கும் பதிகத்தின் முதற்பாடலில் பெண்பேய் காட்டில் அலறுகிறது. அதே பதிகத்தின் பிறிதொரு பாடலில் துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் ஆகிய சுரப்பெயர்கள் இடம்பெறுகின்றன. முதற்சுரமாகிய குரல் மட்டும் அப்பெயரால் சுட்டப்படவில்லை. ஓசை என்னும் சொல் அங்கு வருகிறது.

இங்கு ஆங்கிலத்தில் எழுதுவோர் மூன்று இடர்களைச் சந்திக்கின்றனர். முதலாவது, ‘குரல்’ என்பது மனிதக் குரலையும் முதற்சுரத்தையும் குறிக்கும். இரண்டாவது, ‘தாரம்’ என்பது இங்கு ஏழாம் சுரம். வடமொழி வழியில் அது உச்சத் தானம். இப்பாடலில் அதனை ‘ஹை பிட்ச்’ எனக் கொள்வது பிழை. மூன்றாவது இடரே முதன்மையானது. அலறலை ‘ஷ்ரில்’ எனவும் சுரங்களை ‘மெலடி’ எனவும் பிரித்துவிட்டால், பேயின் ஓசை இசைக்குப் புறம்பானதாகிவிடும். பதிகமோ இரண்டையும் ஒரே காட்டில், ஒரே ஆடலைச் சூழ வைக்கிறது. அம்மையார் தம்மைப் பேயென்றே கூறிக்கொள்பவர். ஆதலின் அவ்வலறலை இசைக்கு வெளியே தள்ளும் அடைமொழி, பாடியவரின் குரலையும் வெளியே தள்ளுகிறது.

கட்டையும் கூத்துக்குரலும்

தொண்டைமண்டல ஊர்களில் விடிய விடிய நிகழும் தெருக்கூத்தில் முகவீணை, ஆர்மோனியம், மத்தளம், தாளம் ஆகியவற்றோடு இயைந்து நடிகர் உச்சச் சுருதியில் பாடுகிறார். ஒலிபெருக்கி இல்லாத திறந்தவெளியில் உருவான பாடுமுறை இது. இதனை அளக்கத் தமிழர் கையாளும் சொல் ‘கட்டை’. ஆர்மோனியத்தின் வெண்கட்டைகளை எண்ணினால் ஒன்றாம் கட்டை மேலை இசையின் ‘சி’. ஐந்தாம் கட்டை ‘ஜி’. எட்டாம் கட்டை மீண்டும் ‘சி’, ஒரு தானம் மேலே. ‘எட்டுக்கட்டையில் பாடுதல்’ என்னும் வழக்கு இவ்வாறு எண்ணத்தக்க ஒன்று. ஆயின் ‘கட்டைக்குரல்’ என்பதோ தடித்துத் தாழ்ந்த குரலைக் குறிக்கும். ஒரே சொல் இரு எதிர்முனைகளிலும் நிற்பதால், அகராதியை மட்டும் நம்பும் பெயர்ப்பாளர் இடறுவது எளிது.

கூத்துக்குரலை ‘ஹை-பிட்ச்ட்’ என்பது அளவு. ‘ஷ்ரில்’ என்பது குறைகூறல். தமிழிலும் ‘கீச்சுக்குரல்’ என்பது இழிவுக்குறிப்பு உடையதே. ஆனால் கூத்துப் பார்ப்போர் நல்ல பாடகரின் குரலைக் கணீரென்ற குரல் என்றே பாராட்டுவர். கணீர் என்பது மணியோசை போன்ற தெளிவு, சுருதி அன்று. இதற்கு நேரான ஒற்றைச்சொல் ஆங்கிலத்தில் இல்லாமையால், ஆய்வேட்டில் எஞ்சுவது ‘ஷ்ரில்’ என்னும் தீர்ப்பு மட்டுமே.

இரைச்சலும் சுருதியும்

தமிழ்ப் பேச்சுவழக்கு சுருதியையும் உரப்பையும் கலந்து வழங்குகிறது என்னும் குற்றச்சாட்டும் எழக்கூடும். ‘குரலை உயர்த்து’ என்பது இரண்டையும் குறிக்கும். ஆங்கிலத்தின் ‘ரெய்ஸ் யுவர் வாய்ஸ்’ என்னும் தொடரும் இக்கலப்பினின்று தப்பவில்லை. இதற்கு உடலியல் காரணம் உண்டு. இரைச்சல் மிக்க சூழலில் பேசுவோரின் உரப்பு தானே கூடுவதை எட்டியென் லொம்பார்டு 1911இல் விளக்கினார். அவ்வாறு கூடும்போது சுருதியும் உடன் ஏறுவதைப் பின்வந்த ஒலியியல் ஆய்வுகள் காட்டின. இதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகள் போன்ற இடங்களில் எந்திர ஓசையை மீறிப் பேசுவோருக்கும் இது பொருந்தும். அங்கு பதிவாகும் ஏறிய சுருதியைச் சினமாகவோ வட்டார வழக்கின் இயல்பாகவோ பதிவுசெய்யும் கள ஆய்வு, சூழலைப் பேசுவோர்மீது ஏற்றிவிடும்.

முடிவுரை

பள்ளி இயற்பியலே சுருதி, உரப்பு, பண்பு என மூன்றையும் பிரித்துக் கற்பிக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும் தமிழாய்வும் இப்பிரிப்பைப் பின்பற்றுதல் வேண்டும். சுருதியைக் கட்டையிலோ அதிர்வெண்ணிலோ தரலாம். பண்பைக் குறிக்கும் கணீர் போன்ற சொற்களைத் தமிழிலேயே நிறுத்தி விளக்கலாம். பாராட்டும் பழிப்பும் எவருடைய செவிக்கு உரியவை என்பதையும் குறிப்பிடல் தகும். இவ்வொழுங்கு இல்லாதவிடத்து, நூற்றாண்டுகள் பயின்ற ஒரு பாடுமுறை வெறும் கூச்சலாகப் பிறமொழி வாசகரைச் சென்றடையும்.