உழவு அதிகாரமும் உழாத வேளாண்மையும்

திருக்குறளில் 104ஆம் அதிகாரமாக அமைந்த உழவு, தமிழாசிரியர் எவரும் பலமுறை பாடஞ்சொல்லிய பகுதியாகும். அதனை இன்றைய வேளாண்மை நூலோடு ஒப்பிடப் புகுவோர் இருவகைப் பிழைக்கு ஆளாதல் கூடும். புதிய அறிவியல் கூறுவன யாவும் வள்ளுவர் அன்றே கூறியவை என்று பெருமிதம் கொள்வது ஒன்று. உழாமலே விதைக்கும் காலம் வந்துவிட்டமையால் ஏரைப் போற்றும் இவ்வதிகாரம் பழங்கதை என்று ஒதுக்குவது மற்றொன்று. இவ்விரண்டும் நூலை ஆழ்ந்து கல்லாமையின் விளைவே.

உழாத வேளாண்மை என்பது யாது? ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அதற்கு மூன்று நெறிகளைக் கூறுகின்றது. மண்ணை இயன்றவரை கிளறாதிருத்தல். வைக்கோல், சருகு, மூடுபயிர் ஆகியவற்றால் நிலத்தை எப்போதும் போர்த்திவைத்தல். ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப இடாமல் மாற்றி மாற்றி இடுதல் என்பன அவை. 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்கச் சமவெளிகளில் உழுது பொடியாக்கிய மண் காற்றிலே பறந்து போயிற்று. அவ்வழிவுக்குப் பின்னர், 1943இல் எட்வர்டு ஃபால்க்னர் என்பார் உழவையே குற்றஞ்சாட்டி ஒரு நூல் எழுதினார். அவர் குற்றஞ்சாட்டிய கலப்பை எது? மண்ணை வெட்டி அடிமேலாகப் புரட்டும் இரும்புக் கலப்பை. தமிழ்நாட்டு மரக்கலப்பையோ மண்ணைக் கீறிச் செல்வதன்றிப் புரட்டுவதில்லை. பெயர் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றென மயங்குவோர், ஒரு நாட்டுக் கலப்பைமேல் சாட்டிய குற்றத்தை மற்றொரு நாட்டு ஏரின்மேல் ஏற்றிவிடுகின்றனர்.

இனி, அதிகாரத்துள் இடர்ப்பாடு தரும் இடம் ஒன்றுண்டு. ஏழாம் குறள், உழுத மண் ஒரு பலம் கால் பலமாகச் சுருங்குமளவு காயவிட்டால், ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்கின்றது. அடுத்த குறளோ, உழுவதினும் எருவிடுதல் நன்று என்கின்றது. எரு வேண்டா என்றவர் அடுத்த மூச்சிலேயே எருவை உழவினும் உயர்த்துவதேன்? கூர்மையுள்ள மாணவன் வகுப்பில் இதனைக் கேட்பான். முன்னது உழவின் சிறப்பு, பின்னது எருவின் சிறப்பு என்று கூறி அப்பாற் செல்வது எளிது; அவன் கேட்ட வினாவுக்கு அது விடையாகாது.

மண்ணூல் இங்கே துணைசெய்கின்றது. நன்றாகக் காய்ந்த மண் மழைபெற்று நனைந்தவுடன், அதிலுள்ள மக்கு விரைந்து சிதைந்து பயிருக்கு வேண்டிய தழைச்சத்து வெளிப்படுகின்றது. கிழக்காப்பிரிக்காவில் ஆய்ந்த பர்ச் என்பார் இதனை 1958இல் விளக்கினார். காயவிட்ட மண் எருவின்றி விளைவதற்கு இஃதொரு காரணம். கோடை வெயிலில் களையும் பூச்சியும் அழிவது மற்றொரு காரணம். ஆனால், வெளிப்பட்ட சத்து புதிதாக வந்ததன்று. மண்ணிலே முன்னரே சேர்ந்திருந்த மக்கிலிருந்து வந்தது. ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே இருந்தால் அச்சேமிப்புக் குறையும். ஏழாம் குறள் எடுக்கும் வழியைக் கூற, எட்டாம் குறள் திரும்ப இடும் கடமையைக் கூறுகின்றது என்று கொண்டால் முரண் நீங்குகின்றது. வள்ளுவர் வேதியியல் அறிந்திருந்தார் என்பது இதன் பொருளன்று. உழவர் அனுபவத்தில் கண்ட இரண்டு உண்மைகளை அவர் அடுத்தடுத்து வைத்தார். அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மேற்கோள் காட்டுதல் அவ்வைப்புமுறைக்கு இழைக்கும் தீங்காகும்.

எடுப்பதும் இடுவதும் பிரிந்தால் நேர்வது யாது என்பதற்குச் சிங்கப்பூரின் வரலாறே சான்று. 19ஆம் நூற்றாண்டில் சீனக் குடியானவர் இத்தீவின் காடுகளை அழித்துக் காம்பியர், மிளகுத் தோட்டங்களை அமைத்தனர். காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டியிருந்தமையால் சுற்றியிருந்த காடும் போயிற்று. காய்ச்சிய சக்கை மிளகுக் கொடிக்கு எருவாயிற்றேனும், இலை கொடுத்த நிலம் இளைத்தது. ஏறத்தாழ 15, 20 ஆண்டுகளில் மண் சத்திழக்க, தோட்டங்களைக் கைவிட்டு வேறு காடு தேடினர். பலர் ஜொகூருக்குச் சென்றனர். விட்டுச்சென்ற நிலத்தில் லாலான் புல் மண்டியது. இதற்கு மாறான காட்சியும் இத்தீவில் உண்டு. பெருஞ்சதுப்பு எனப் பொருள்படும் தோ பாயோவில், 1960ஆம் ஆண்டுகளில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளை எழுப்புமுன், காய்கறித் தோட்டங்களும் பன்றிப் பட்டிகளும் இருந்தன. பட்டியின் கழிவை எருவாக்கிச் சிறு நிலத்தில் கீரை விளைத்தவர்கள் எட்டாம் குறளை ஓதாமலே அதன்படி ஒழுகியவர்கள்.

ஆயின், புதிய நெறியை எல்லா உழவருக்கும் கட்டளையாக்குவதும் தகாது. ஆப்பிரிக்கச் சிற்றுழவர் நிலையை ஆய்ந்த கென் கில்லர் முதலியோர் 2009இல் இதனை வற்புறுத்தினர். வைக்கோல் மாட்டுக்குத் தீனியாகும் வீட்டில் மண்ணைப் போர்த்துவதற்கு எஞ்சுவது யாது? உழாத நிலத்தில் களை மிகுந்தால் அதனைக் கையால் பறிக்கும் பாரம் பெண்கள்மேல் அன்றோ விழும்? 610 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த கட்டுரை, உழாமை மட்டும் தனித்து நின்றால் விளைச்சல் சராசரியாகக் குறைகின்றது என்றும், ஏனைய இரு நெறிகளும் சேர்ந்தால் அக்குறை சுருங்குகின்றது என்றும், மழையை நம்பிய வறண்ட நிலங்களில் விளைச்சல் கூடுதலும் உண்டு என்றும் கண்டது. இந்தியாவில் 100 பண்ணைகளுள் ஏறத்தாழ 86, இரண்டு எக்டேருக்குட்பட்டவை. ஒரு பருவம் பொய்த்தாலும் அவர்கள் வீட்டில் உலை கொதிக்காது.

தமிழ் உழவன் இதனை நன்கறிவான். காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்னரே, நிற்கும் பயிரூடே உளுந்தும் பயறும் தெளித்து, உழாமல், எஞ்சிய ஈரத்திலேயே விளைவிக்கின்றனர். மானாவாரிக் கரிசலிலோ கோடையுழவு செய்து மழைநீரை மண்ணில் தேக்குகின்றனர். ஓரிடத்தில் உழாமை அறிவு. மற்றோரிடத்தில் உழுதல் அறிவு. சென்று காணாத உரிமையாளனிடம் நிலம் மனைவிபோல் ஊடும் என்று அதே அதிகாரம் கூறுவதன் கருத்தும், நிலத்தைக் கண்டே முடிவு செய்க என்பதே.

தோ பாயோவில் அடுக்குமாடியில் வாழும் மாணவனுக்கு இவற்றால் ஆவதென்ன? சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்குமேல் வெளிநாடுகளிலிருந்து பெறுகின்றது. 2030க்குள் 30 விழுக்காட்டை உள்நாட்டிலே விளைவிக்க 2019இல் வகுத்த இலக்கும் 2025இல் மாற்றப்பட்டது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதியல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தது. அடுத்த மாத இறுதியில் சிங்கப்பூருக்கு 50,000 டன் தனியே அனுமதித்தது. ஏரின் பின்னது உலகம் என்னும் கருத்துக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுமோ? ஏரைக் காணாத பிள்ளைக்கும் சோறு ஏரிலிருந்தே வருகின்றது. ஆதலின் ஏழாம் குறளையும் எட்டாம் குறளையும் ஒரே நாளில், ஒன்றையொன்று வினவுமாறு வைத்துக் கற்பித்தல் வேண்டும். மண்ணிலிருந்து எடுத்தவன் மண்ணுக்கு என்ன கொடுத்தான் என்று மாணவன் கேட்கத் தொடங்கினால், அவ்வதிகாரத்தை அவன் கற்றுவிட்டான் எனலாம்.